பாதியில் எழும்பி வந்த கூத்தை விடியவிடியப் பார்த்த கதை

திருகோணமலைப் பட்டினத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, கூத்து என்றால் பள்ளிக்கூட மேடைதான். தமிழ்த் தினப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குவோம். குறித்த நிமிடங்களுக்குள் பாத்திரம் ஆடி அறிமுகமாகிற ஒரு வரவு, ஒரு தர்க்கம், ஒரு சண்டை, கடைசியில் மங்களம். திரை விழுந்ததும் அடுத்த பள்ளிக்கூடம் ஏறும். இரவிரவாக ஆடிய கூத்தை இப்படி மேடைக்கு அளவாகச் சுருக்கும் வழியை 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் காட்டினார். அதனால்தான் பட்டினத்துப் பிள்ளைகள் காலிலும் சதங்கை ஏறியது. அந்தப் பெருமையை நான் ஒருநாளும் குறைக்க மாட்டேன். ஆனால் ஊரில் ஆடுகிற கூத்தைப் பார்க்காமலே பதினொரு வருசம் பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்கியிருக்கிறேன் என்பது எனக்கு இரண்டு வருசத்துக்கு முன்னர்தான் உறைத்தது.

அந்த வைகாசியில் ஆசிரியர்கள் எட்டுப் பேர் சேர்ந்து வான் பிடித்தோம். வெருகல் பக்கம் ஒரு ஊரில், கோயில் வெளிவீதியில் வடமோடி வகைக் கூத்து அரங்கேற்றம் என்று கேள்விப்பட்டிருந்தோம். பாரதத்தில் பதின்மூன்றாம் நாள் போர், அபிமன்யு கதை. இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வெளிக்கிட்டுப் போய்ச் சேர ஒன்பதரை. காப்புப் பாடி முடிந்து கட்டியகாரன் வந்து போயிருந்தான். பிறகு துரியோதனன் வரவு. தன் பெருமையைப் பாடினார், ஆடுகளமான களரியைச் சுற்றி ஆடினார், இருந்தார். பிறகு சகுனி, அதன் பிறகு கர்ணன். ஒவ்வொருவருக்கும் அரை மணித்தியாலம். வான்காரர் பதினொரு மணிக்கே அவசரப்படுத்தத் தொடங்கிவிட்டார். சேருவிலப் பக்கம் இரவில் யானை றோட்டுக்கு இறங்கும், பிந்தினால் கஷ்டம் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. பன்னிரண்டரைக்கு எட்டுப் பேரும் ஒன்றாக எழும்பினோம்.

பக்கத்தில் பாய் போட்டிருந்த ஒரு ஆச்சி என் சீலைத் தலைப்பைப் பிடித்தா. "எங்க புள்ள எழும்பிட்டீங்க? இப்பதானே ராசாக்கள் வந்திருக்காங்க. சண்டை இனித்தானே?"

வானுக்குள் நான் சொன்னது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது: "ஆட்டம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யிறாங்க." எல்லாரும் ஆமோதித்தோம். ஒரு வருசம் நான் அப்படியே நம்பிக்கொண்டும் இருந்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு அந்த ஊர்ப் பக்கமிருந்து இடமாற்றத்தில் வந்த ஒரு ரீச்சரிடம் இந்தக் கதையைச் சொன்னபோதுதான் விசயம் விளங்கியது. இரவிரவுக் கூத்தில் முற்பாதி முழுக்க வரவுதான். ஆர் ஆர் இந்தக் கதைக்குள் இருக்கிறார்கள், அவரவர் நடை என்ன, மிடுக்கு என்ன என்று ஊருக்குக் காட்டுகிற நேரம் அது. கதை கனக்கத் தொடங்குவது ஒரு மணிக்குப் பிறகு. அதாவது நான் பார்த்துவிட்டு வந்தது கூத்தின் வாசலை. "கலியாண வீட்டுக்குப் போய்ப் பந்தலப் பாத்திட்டு வந்திட்டன் எண்டு சொல்லுவிங்களா ரீச்சர்?" என்று அவ கேட்டது சுருக்கென்றது.

அடுத்த வருசம் அந்த ரீச்சரின் வீட்டிலேயே தங்கிப் பார்ப்பதென்று முடிவெடுத்தேன். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, அவனும் ஒட்டிக்கொண்டான். முதலில் குறித்த நாளுக்கு நாங்கள் பையும் கட்டிவிட்டோம். அன்று காலையில் ஊரில் ஒரு மரணம். துடக்கென்று கூத்து இரண்டு கிழமை தள்ளிப்போனது. ஆகவே இந்தப் பக்கத்துக் கூத்துக்குப் போக நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது: நோட்டீசில் இருக்கிற திகதியை மட்டும் நம்ப வேண்டாம். ஊருக்குள் ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொண்டு, வெளிக்கிடுகிற அன்று காலையில் ஒரு கோல் எடுங்கள்.

போகும்போது பகல் பஸ்ஸில்தான் போனோம். கிண்ணியாப் பாலம், மூதூர், கிளிவெட்டி, சேருவில என்று மட்டக்களப்புக்குப் போகிற அதே றோட்டு. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது. அதற்கு முன்னர் அந்த றோட்டில் ஒவ்வொரு ஆற்றிலும் பாதைக்குக் காத்துக்கிடக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வாகனத்தை ஏற்றி ஆறு கடக்கிற தெப்பத்துக்குப் பெயர் பாதை. அம்மா சின்ன வயதில் வெருகல் சித்திர வேலாயுதர் திருவிழாவுக்குப் போன கதையில் பாதி, பாதையடியில் கச்சான் கொறித்துக்கொண்டு இருந்த கதைதான். இப்போது மகன் யன்னலால் பாலத்தைப் பார்க்கிறதற்குள் பாலம் முடிந்துவிடுகிறது.

பகலிலேயே போய்ச் சேர்ந்ததில் பெரிய நன்மை, களரி போடுவதைப் பார்க்கக் கிடைத்தது. வட்டமாக மண் போட்டு, முழங்கால் உயரத்துக்கு அணைத்து, தண்ணி தெளித்து அடித்து இறுக்கியிருந்தார்கள். சுற்றிவரக் கம்பு நட்டுத் தென்னங்குருத்துத் தோரணம். நாலு பக்கமும் டியூப் லைட், நடுவில் மேலேயிருந்து தொங்குகிற மைக். இந்த வட்டக்களரியில் முன்பக்கம், பின்பக்கம் என்று ஒன்று இல்லை. நடுவில், கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். பக்கத்தில் சல்லரித் தாளம் போடுகிறவர், பாட்டுக் கொப்பி பார்க்கிறவர், பிற்பாட்டுக்காரர். ஆடுகிறவர்கள் அவர்களைச் சுற்றி ஆடுவார்கள், ஊர் அவர்களைச் சுற்றி இருக்கும். பள்ளிக்கூட மேடையில் நான் பிள்ளைகளுக்கு "சனத்துக்கு முதுகைக் காட்டாதே" என்று கத்துவேன். இங்கே ஆட்டக்காரருக்கு முதுகு என்று ஒன்று இல்லை. எந்தப் பக்கம் இருந்தாலும் ஒரு தரம் உங்கள் முன்னால் வந்து ஆடியே தீருவார்.

அண்ணாவியாரைப் பின்னேரம் அவர் வீட்டுத் திண்ணையில் சந்தித்தோம். எழுபதைத் தாண்டியவர், வயல்காரர். வெற்றிலை கொண்டுபோங்கள் என்று ரீச்சர் முன்கூட்டியே சொல்லியிருந்தா. அது நல்லதாகப் போய்விட்டது. வெற்றிலையைக் கையில் வாங்கிய பிறகுதான் அவர் நிமிர்ந்து பார்த்துக் கதைத்தார். பெரும்போக வெட்டு முடிந்ததும் சட்டம் கொடுத்தார்களாம். யாருக்கு எந்த வேசம் என்று முடிவுசெய்து அவரவர் பாட்டைக் கையில் கொடுப்பதுதான் சட்டம் கொடுத்தல். பிறகு மாதக்கணக்கில் இரவு இரவாகப் பழக்கம். ஆட்டம் காலில் பிடிபட்ட பிறகு சதங்கை அணிதல். அதற்குப் பிறகும் அடுக்கு என்கிற ஒத்திகை பார்த்து, அதன் பின்புதான் அரங்கேற்றம். நாங்கள் ஆறு கிழமையில் பிள்ளைகளை மேடையேற்றுகிறோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கொப்பியைக் காட்டினார். தடித்த கோடு போட்ட கொப்பி, மூலைகள் உதிர்ந்து, ஒரு பக்கம் முழுக்க மை பரவி ஊதா நிறமாகக் கிடந்தது. 2006இல் யுத்தத்தால் இந்தப் பகுதிச் சனம் வாகரைப் பக்கம் இடம்பெயர்ந்தபோது அவர் மத்தளத்தை வீட்டில் விட்டுவிட்டு இந்தக் கொப்பியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாராம். ஆற்றடியில் நனைந்த பக்கம்தான் அது. "மத்தளம் வேற கட்டலாம். பாட்டு எங்க போய் எடுக்கிற? அந்தப் பக்கத்தில இருந்தது வீமன்ட தரு. நான் நினைவில வச்சிருந்து பிறகு எழுதினது." தரு என்றால் கூத்துப் பாட்டு. அடுத்த பக்கத்தில் வேறு பேனையால், வேறு கையெழுத்து மாதிரி, அதே பாட்டு இருந்தது.

படம் எடுக்கலாமா என்று கேட்டேன். கொப்பியை எடுக்க வேண்டாம், கூத்தை எடுக்கலாம், ஆனால் "லைட் அடிக்காம எடுங்க" என்றார். முதல் வருசம் எங்களில் ஒருவர் கர்ணனின் முகத்துக்கு நேரே பிளாஷ் அடித்துக்கொண்டே இருந்தார். ஆடுகிறவர் கண்ணில் அது விழுந்தால் களரியின் விளிம்பு தெரியாது. முழங்கால் உயரத்திலிருந்து அந்த உடுப்போடு விழுந்தால் என்னவாகும் என்று அப்போது எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. உடுப்புக் கட்டுகிற கொட்டிலுக்குள்ளும் கமராவோடு போக வேண்டாம். அங்கே அவர்கள் தலையில் முடி என்கிற கிரீடத்தை வைக்கும்போது கும்பிட்டுத்தான் வைக்கிறார்கள். நான் செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஒரு மூலையில் ஐந்து நிமிசம் நின்றேன். முகத்துக்கு முத்துவெள்ளை பூசுகிற மணம், வியர்வை, கற்பூரம். இடுப்பில் அடுக்கடுக்காக வளையம் வைத்துத் தைத்த கரப்புடுப்பை ஒருவருக்கு இரண்டு பேர் தூக்கிப் போட்டார்கள். மீன் பிடிக்கிற கரப்பைக் கவிழ்த்தது போல் நிற்பதால்தான் அந்தப் பெயர். ஒரு கையால் தூக்கிப் பார்த்தேன். அதை உடுத்துக்கொண்டு நடக்கவே என்னால் முடியாது. அதோடு இரவு முழுக்கச் சுழன்று ஆடுகிறார்கள். கூத்தின் மற்ற வகையான தென்மோடிக்கு உடுப்பு இவ்வளவு பாரம் இல்லை, ஆட்டத்தில் நுணுக்கம் கூட. வடமோடி போர்க் கதைக்கு ஏற்ற வீறான ஆட்டம்.

இரவு எட்டரைக்கே போய் இடம் பிடித்தோம். போனதரம் ஸ்பீக்கருக்குக் கிட்ட இருந்து காது அடைத்துப்போனது நினைவிருந்ததால், இந்தத் தரம் பாட்டுத் தெரிந்த கிழவிகள் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்து அவர்களுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டேன். இதை எல்லாருக்கும் சொல்வேன். முதல் தரம் கேட்கிறவர்களுக்குத் தருவில் பாதிச் சொல் பிடிபடாது. பக்கத்தில் இருக்கிற ஆச்சி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வருவா. கேட்டால் கதையும் சொல்லுவா. என் அதிர்ஷ்டம், அது போன வருசம் என் சீலையைப் பிடித்த அதே ஆச்சி. என்னைக் கண்டதும், "இந்தமுற எழும்ப விடமாட்டன்" என்றா.

பாய், ஆளுக்கொரு போர்வை, தண்ணிப் போத்தல், டோர்ச். இவ்வளவும் போதும். பகலில் கச்சான் காற்று நெருப்பாய் அடித்தாலும் விடியப்புறம் வெளியில் பனி விழும், பிள்ளைகள் நடுங்குவார்கள். வெளிக்காற்றில் நுளம்புச் சுருள் வேலை செய்யாது, கையை மூடுகிற சட்டைதான் உதவும். பெண்களுக்கு இரவில் ஒதுங்க ஒரு வீடு வேண்டும். முன்னமே யாரிடமாவது சொல்லி வையுங்கள். அந்த ஊரில் கேட்ட உடனே கூட்டிக்கொண்டு போவார்கள், கேட்காமல் அந்தரப்படுவதுதான் பிழை. சாப்பாட்டைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை. பன்னிரண்டு மணிக்குப் பெரிய கேத்தலில் பிளேன்டி சுற்றி வந்தது.

வரவுகளை இந்தத் தரம் வேறு கண்ணால் பார்த்தேன். துரியோதனன் கால் வைக்கிற விதமும் கர்ணன் கால் வைக்கிற விதமும் ஒன்றில்லை. போன வருசம் எனக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. ஒவ்வொரு வரவுக்கும் கொட்டிலிலிருந்து வெடி கொளுத்திக் கூட்டி வந்தார்கள். ஆடுகிறவரின் மாமன், மச்சான் எல்லாரும் களரியில் ஏறி மாலை போட்டு, உடுப்பில் காசு குத்தினார்கள். நானும் ஏதாவது கொடுக்க எழும்பினேன். ஆச்சி இழுத்து இருத்தினா. அது சொந்தக்காரர் செய்கிற சிறப்பு. வெளியில் இருந்து போகிறவர்கள் கொடுக்க விரும்பினால் விடிந்த பிறகு வெற்றிலையில் வைத்து அண்ணாவியார் கையில் கொடுப்பதுதான் முறை. எல்லாருக்கும் பங்கு போய்ச் சேரும்.

ஒரு மணிக்கு மகன் மடியில் தூங்கிவிட்டான். இரண்டே முக்காலுக்கு ஆச்சி அவனைத் தட்டினா. "எழும்பு மனே. வீமன் வரப்போறான்."

வீமனாக ஆடியவர் பகலில் உழவு மெசின் ஓட்டுகிறவர். பின்னேரம் ரீச்சர் வீட்டு வாசலால் சாரத்தோடு போனபோது எங்களைப் பார்த்துச் சிரித்தவர். இப்போது தண்டாயுதத்தோடு களரியை நாலு தரம் சுற்றினார். மத்தளம் ஏறிக்கொண்டே போகிறது. சக்கர வியூகத்துக்குள் அகப்பட்ட அபிமன்யு உள்ளே தனியே நிற்கிறான். பெரியப்பன் வீமன் வெளியே. கௌரவர் பக்கத்துச் சயத்திரதன் வந்து, சிவன் கொடுத்த கொன்றை மாலையை வழியில் போட்டுவிட்டு விலகுகிறான். மாலையைத் தாண்டினால் சிவ நிந்தை. தாண்டாவிட்டால் பிள்ளை சாவான்.

அந்த மாலை உண்மையான கொன்றைப் பூவில் கட்டினது. டியூப் லைட்டில் மஞ்சள் கண்ணைக் குத்தியது. வீமன் ஓடி வந்த வேகத்தில் அதற்கு முன்னால் நின்றார். மத்தளம் நின்றது, சல்லரி நின்றது. சதங்கை மட்டும் அடங்க மாட்டாமல் கிணுகிணுத்தது, கால் நடுங்கியதால். ஆடி ஆடிக் களைத்து நடுங்குகிறதா, வீமனின் கால் நடுங்குகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. முகத்து வெள்ளையில் வியர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது. வலது காலைத் தூக்கினார். மாலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் பாதம் நின்றது. நானூறு, ஐந்நூறு பேர் இருந்த வெளியில் ஒரு குழந்தைகூட அழவில்லை. பிறகு காலைப் பின்னால் எடுத்து வைத்துவிட்டு, அந்தப் பாரமான உடுப்போடு மெல்ல முழங்காலில் இருந்து, மாலையைக் கும்பிட்டார். அதற்குப் பிறகுதான் பாட்டு வந்தது. அந்த நனைந்த பக்கத்துப் பாட்டு. அண்ணாவியார் கொப்பியைப் பார்க்கவில்லை.

"தாண்டினா என்னம்மா?" என்று மகன் என் காதுக்குள் கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. ஆச்சி சொன்னா: "தாண்டமாட்டான் மனே. அதுதான் வீமன்."

ஆறு மணித்தியாலம் ஒவ்வொருவரும் எப்பேர்ப்பட்ட வீரர் என்று ஆடிக் காட்டிக்கொண்டே வந்தது இந்த ஒரு நிமிசத்துக்குத்தான். அவ்வளவு பலம் ஒரு பூமாலைக்கு முன்னால் நிற்கிறது. வரவை வெட்டிவிட்டு இந்த இடத்தை மட்டும் எங்கள் பள்ளிக்கூட மேடையில் வைத்தால், பிள்ளைகள் கெட்டித்தனமாகச் செய்வார்கள், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அந்த நிசப்தம் வராது. அது இரவு முழுக்கச் சேர்த்து வைத்த நிசப்தம்.

அபிமன்யு விழுந்த பிறகு தாய் சுபத்திரையின் புலம்பல். நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு மீன்பிடிகாரர், சீலை கட்டி, தலைமயிர் விரித்து, களரி மண்ணில் இருந்து பாடினார். ஆண்குரல்தான், ஆனால் இரண்டாவது அடியில் எனக்கு அது மறந்துபோனது. சுற்றியிருந்த பெண்கள் வெளிப்படையாக அழுதார்கள். ஆச்சி தன் மகனின் பெயரைச் சொல்லி அழுதா. நான் அவவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். எதுவும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் யாரும் போனைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வாழி பாடி மங்களம் பாடும்போது கிழக்கு வெளுத்துவிட்டது. டியூப் லைட்டை அணைத்தார்கள். ஆடினவர்களின் முகம் பகல் வெளிச்சத்தில் சட்டென்று ஊர் முகமாக மாறியது. வீமன் தலையில் இருந்த முடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு களரி விளிம்பில் இருந்து பிளேன்டி குடித்தார். நெற்றியில் முடி அழுத்திய இடத்தில் தோல் உரிந்து சிவந்திருந்தது. மகன் அவருக்குப் பக்கத்தில் போய் நின்றான், ஒன்றும் பேசவில்லை. அவர் காலிலிருந்த சதங்கையை அவிழ்த்து அவன் கையில் கொடுத்து, "பிடிச்சுப் பாரு" என்றார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

வெற்றிலையில் காசை வைத்து அண்ணாவியாரிடம் கொடுத்தபோது, என் பிள்ளைகளுக்கு வீமன் வரவைப் பழக்கித் தருவீர்களா என்று கேட்டேன். "கூட்டிக்கொண்டு வாங்க. மேடைக்கு எண்டாலும் பரவால்ல. ஆனா முழு வரவும் பழகவேணும். பிறகு நீங்க வெட்டுறதை வெட்டுங்க." இந்த வருசம் ஆறு பிள்ளைகளோடு மூன்று சனிக்கிழமை போய் வந்தோம். காலை பஸ்ஸில் போய்ப் பின்னேர பஸ்ஸில் திரும்பினோம். போட்டியில் இரண்டாம் இடம் வந்தது. முன்பெல்லாம் நான் இசைத்தட்டைப் போட்டுப் பழக்குவேன். இப்போது பிள்ளைகளில் ஒருவன் வீட்டு மேசையில் தட்டித் தட்டித் தாளக்கட்டைச் சொல்லிக் கொடுக்கிறான்.

அரங்கேற்றத்துக்குப் பிறகு அந்த உடுப்போடு வீட்டுக்கு வீடு போய் ஆடுகிற வழக்கமும் இருக்கிறது. அதற்கு நிற்க எங்களுக்கு லீவு கிடைக்கவில்லை. பெரும்போக வெட்டு முடிந்ததும் இனி அடுத்த கூத்துக்குச் சட்டம் கொடுப்பார்கள். அந்த நாளுக்கே போகிறதென்று மகனும் நானும் இருக்கிறோம். என்ன கதை என்று இன்னும் முடிவாகவில்லை. ஊரில் ஒரு பகுதி திரும்பவும் வடமோடிதான் வேண்டும் என்கிறார்களாம், இளம் பெடியங்கள் இந்தமுறை தென்மோடி பழகிப் பார்ப்போம் என்கிறார்களாம். ஆச்சி எந்தப் பக்கம் என்று ரீச்சரிடம் கேட்டேன். வடமோடிதானாம்.